ரெகே இசையும் அபாச்சி இந்தியனும்

மாத்தளையினின்று வடக்கே தம்புள்ளை நோக்கிச் செல்லும் சாலையில் ஏறத்தாழ 2 கல் தொலைவில் அலுவிகாரைக் குன்று நிற்கின்றது. வட்டகாமணி அபயன் காலத்தில், கி.மு. முதலாம் நூற்றாண்டில், அதுகாறும் வாய்மொழியாகவே ஓதப்பட்டு வந்த பௌத்த மறைநூல்கள் இக்குன்றிலேதான் ஏட்டில் எழுதப்பெற்றன என்பது வரலாற்று மரபு. போரும் பஞ்சமும் ஓதுவாரைக் குறைத்துவிடவே, ஓதப்பட்டதும் உடன் அழியுமோ என்னும் அச்சம் பிறந்தது. அவ்வச்சமே எழுத்தாணியை எடுப்பித்தது.

இத்தகைய பதியின் அயலிலிருந்து கொண்டு ரெகே பாடகர் ஒருவரைப் பற்றி எழுதப் புகுவது பொருந்துமோ என்று ஐயுறுவாரும் இருக்கலாம். பொருந்தும் என்பதே எம் கருத்து. காரணம் அக்குன்றின் அடியிற் செல்லும் சாலையிலேயே கிடக்கின்றது.

பிரித்தானியப் பேரரசில் அடிமை முறை 1834இல் சட்டத்தால் நீங்கியது. பயிற்சியாளர் என்னும் பெயரில் எஞ்சிய கட்டும் 1838இல் அறுந்தது. தோட்ட முதலாளிகள் ஆளின்றித் தவித்தனர், இந்தியாவை நோக்கினர். 1845ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு கப்பல் இந்தியத் தொழிலாளரை யமேக்காத் தீவில் இறக்கியது. அடுத்த 70 ஆண்டுகளில் அங்குச் சென்றோர் ஏறத்தாழ 36,000 பேர். பெரும்பாலோர் கங்கைச் சமவெளியினர். சென்னைத் துறைமுகத்திற் கப்பலேறியோரும் உளர். அதே காலத்திலேதான் தமிழகத்துச் சிற்றூர் மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளைக் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்தனர். அலுவிகாரையைக் கடந்தே அவர்கள் வந்தனர். வழியில் வாந்திபேதியால் மடிந்தோர் பலர். ஒரே பேரரசின் ஒரே தேவை ஒரு சாராரை மேற்கிந்தியத் தீவுகளுக்கும் மற்றொரு சாராரை இம்மலைகளுக்கும் செலுத்தியது. மேற்கே சென்றோரைச் சூழ்ந்து எழுந்த இசையே நாம் ஈண்டு கருதுவது.

யமேக்கா விடுதலை பெற்றது 1962இல். அவ்வாண்டுகளில் ‘ஸ்கா’ என்னும் விரைந்த நடை அங்கே ஓங்கியிருந்தது. அது தளர்ந்து ‘ராக்ஸ்டெடி’ ஆகி, 1968 அளவில் ரெகே ஆயிற்று. தாளத்தின் வலுவான அடியில் ஒலிக்க வேண்டிய கிற்றார், அவ்வடியை விட்டு இடைவெளியில் ஒலிப்பதே இதன் தனி இலக்கணம். நம் இசையறிந்தோர் இதனை எடுப்பு வேறுபாடு என்று எளிதில் உணர்வர். வறியோர் இசைத்தட்டு வாங்க இயலாமையால், பேரொலிப் பெருக்கிகளைத் தெருவில் நிறுத்தித் தட்டுகளைச் சுழற்றினர். தட்டின் பின்புறத்திற் பாட்டில்லாத் தாளக்கட்டு மட்டும் இருந்தது. அதன்மேல் ஒருவர் பேச்சும் பாட்டுமாகச் சொற்களை அடுக்குவார். தாளக்கட்டை அவர்கள் ‘ரிடிம்’ என்பர். ஒரே ரிடிமின்மீது பலர் பலவாறு பாடுவர். ஒரே தெம்மாங்கு மெட்டில் நம்மூரார் நூறு பாட்டுக் கட்டவில்லையா? இம்முறையிலே தயாரிப்பாளர் வெறும் பணம் முடக்குவோர் அல்லர். ரிடிமைத் தேர்வார், பாடகரைத் தேர்வார், எவ்வொலி ஓங்க வேண்டும் என்பதனையும் அவரே முடிவு செய்வார்.

ஸ்டீவன் கபூர் பிறந்தது 1967ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்து ஹாண்ட்ஸ்வர்த்தில். பெற்றோர் பஞ்சாபியர். அயலார் யமேக்கரும் பஞ்சாபியருமாகக் கலந்து வாழ்ந்த பகுதி அது. 1985இற் பெருங்கலவரம் கண்டதும் அதுவே. வீட்டில் பாங்ரா, தெருவில் ரெகே. இளமையிற் சடைமுடி வளர்த்துத் தெரு ஒலிபெருக்கிகளிற் பாடிப் பழகினார். யமேக்காவில் ‘வைல்ட் அபாச்சி’ என்று தன்னை அழைத்துக்கொண்ட சூப்பர் காற் என்னும் பாடகர்மீது கொண்ட பற்றினால் ‘அபாச்சி இந்தியன்’ என்னும் பெயரைச் சூடினார். அந்தச் சூப்பர் காற் இந்திய வழித்தோன்றல் என்பது நினைக்கத்தக்கது. கப்பலேறியோரின் பேரன் ஒருவனைக் கண்டு, விமானமேறியோரின் மகன் ஒருவன் பாட்டுக் கற்றான்!

முதற்பாட்டான ‘மூவி ஓவர் இந்தியா’ 1990இல், சைமன், டைமண்ட் டக்கல் என்னும் சகோதரரின் தயாரிப்பில் வந்தது. யமேக்கக் கொச்சை ஆங்கிலமும் பஞ்சாபியும் அதில் ஒருங்கே ஓடின. பெயரட்டை இல்லா வெள்ளைத் தட்டாகவே முதலில் அது பரவியது. பின்னர் ஐலண்ட் நிறுவனம் அவரை ஏற்றது. 1993இல் வெளியான ‘நோ ரிசர்வேஷன்ஸ்’ இசைத்தொகுப்பு மெர்க்குரிப் பரிசுக்கு முன்மொழியப்பட்டது. அதில் ‘அரேஞ்ச்டு மேரேஜ்’ என்னும் பாட்டு பெற்றோர் பார்த்து நடத்தும் திருமணத்தை நகையும் பரிவும் கலந்து பேசுவது. பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் 16ஆம் இடம் பெற்றது. அதே ஆண்டில் ‘பூம் ஷாக்-அ-லாக்’ 5ஆம் இடத்தை எட்டியது. பின்னதில் இனிமையுண்டு, பொருள் குறைவு. முன்னதே நிலைக்கத்தக்கது என்பது எம் துணிபு. பாப் மார்லியின் ஆழம் இவரிடம் உண்டென்று கூறோம். ஆயினும் மார்லி பாட இயலாத ஒரு வீட்டின் உட்புறத்தை இவர் பாடினார்.

தமிழர்க்கும் இவர் புதியவர் அல்லர். 1996இல் வெளிவந்த ‘லவ் பேர்ட்ஸ்’ திரைப்படத்தில், ஏ. ஆர். ரகுமான் இசையில், ‘நோ ப்ராப்ளம்’ என்னும் பாட்டைப் பாடியவர் இவரே. அந்நாளில் அதனைக் கேட்டுத் தலையசைத்த நம் மாணவர் பலரும் யமேக்கத் தெருவின் தாளத்துக்கே தலையசைத்தனர் என்பதனை அறிந்திரார். பிற்காலத்தில் ஹாண்ட்ஸ்வர்த்து இளைஞர்க்கு இசைப் பயிற்சியளிக்கும் பணியிலும் அவர் ஈடுபட்டார்.

இனி நம் சாலைக்கு மீள்வோம். யமேக்காவில் எளியோர் குரல் தட்டில் ஏறியது, தயாரிப்பாளர் இருந்தனர். 2018இல் யுனெஸ்கோ நிறுவனம் ரெகேயை மானுட மரபுச் செல்வமாக ஏற்றுப் பதிவு செய்தது. மாத்தளை வழியே நடந்தோரும் பாடினர். கங்காணியை, கொழுந்துக் கூடையை, இறந்த பிள்ளையைப் பாடினர். அவற்றின் சொற்களை சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தேடித் தொகுத்து நூலாக்கினார். அஃது அரிய தொண்டு. ஆனால் நூலில் மெட்டு இல்லை. எங்கே நீட்டினர், எங்கே விம்மினர், எவ்வடியிற் கூடை தட்டினர் என்பன அச்செழுத்தில் ஏறா. அவற்றை அறிந்த முதியோர் இம்மாவட்டத்துத் தோட்ட வரிசை வீடுகளில் இன்னும் உளர். ஒலிப்பதிவுக்குரிய கருவியோ நம் மாணவர் ஒவ்வொருவரின் சட்டைப் பையிலும் கைப்பேசியாகக் கிடக்கின்றது. விடுமுறையில் ஊர் செல்வோர் பாட்டியர் முன் அமர்ந்து ஒரு மாலைப்பொழுது கேட்டுவருவாராயின், அவர் கொணர்வதை அடுத்த ஆண்டு மலரில் ஆராய யாம் அணியமாயிருக்கின்றோம்.