நத்தார் மரத்தின் அடிவிரிப்பு

நத்தார் மரத்தை அழகுசெய்வோர் பெரும்பாலும் மேல்நோக்கியே பார்ப்பர். உச்சியில் விண்மீன், கிளைகளில் விளக்கு, இடையிடையே வண்ணத்தாள் என்று பார்த்துப் பார்த்துச் செய்வர். அடியிலோ, சவுக்குக் கிளையை நட்ட மணல் வாளி வெளியே தெரிந்துகொண்டிருக்கும். கடைசி நேரத்தில் கைக்கு அகப்பட்ட ஒன்றை எடுத்து அதனை மூடிவிடுவர். இந்தச் சிறு வேலைக்கும் ஒரு வரலாறும் முறையும் உண்டு.

செருமனியில் வளர்ந்த நத்தார் மர வழக்கம் 1848 ஆம் ஆண்டிற்குப் பின் இங்கிலாந்தில் விரைந்து பரவிற்று. விக்டோரியா அரசியார் குடும்பத்துடன் மரத்தைச் சூழ்ந்து நிற்கும் படம் அவ்வாண்டில் இலண்டன் வார இதழொன்றில் வெளிவந்ததே அதற்குத் தூண்டுதல். அந்நாளில் கிளைகளிலே மெழுகுதிரிகளை ஏற்றினர். உருகி வழியும் மெழுகும் உதிரும் இலைகளும் தரையைப் பாழாக்காதிருக்கவே அடியிலே துணி விரித்தனர். 1882 இல் நியூயோர்க்கில் எட்வர்ட் ஜோன்சன் என்பார் தம் வீட்டு மரத்தில் மின்விளக்குகளை ஒளிரச் செய்தார். மெழுகுதிரி மெல்ல மெல்ல மறைந்தது; துணியோ அழகுப்பொருளாக நிலைத்துவிட்டது.

ஆகவே, அடிவிரிப்பைத் தேர்வோர் அதன் அழகைப் பார்க்குமுன் அதன் பணியைப் பார்த்தல் வேண்டும். அது வாளியை மறைக்க வேண்டும். உதிர்வனவற்றை ஏந்த வேண்டும். ஈரத்தைத் தாங்க வேண்டும். எளிதில் தீப்பற்றுவதாக இருத்தலாகாது. நம் கீழ்க்கரையில் மார்கழி மாதம் மாரிக்காலம். சுவரே ஈரம் கசியும் அந்நாளில், வாளித் தண்ணீரும் சேர்ந்தால் விரிப்புப் பூஞ்சணம் பிடித்துவிடும். பனியைக் கண்டறியாத இக்கரையிலும் பனியெனக் காட்டுவதற்காகப் பஞ்சைப் பரப்புவோர் உளர். பஞ்சு பொறிபட்டவுடன் பற்றிக்கொள்ளும். விளக்குக் கம்பிகளின் அருகே அதனை வைப்பது தவறு. பளபளக்கும் செயற்கை இழைத் துணியோ வெப்பத்தில் உருகி உடலில் ஒட்டிக்கொள்ளும்.

இப்பணிக்கு ஏற்றவை கல்முனைப் பகுதியிலேயே உள்ளன. இந்நகரில் முசிலிம்களும் இந்துக்களும் கிறித்தவர்களும் அண்டை அயலாராய் வாழ்கின்றனர். நகருக்குச் சற்று வடக்கே உள்ள மருதமுனை, கைத்தறி நெசவால் பெயர்பெற்ற முசிலிம் ஊர். சேலைகளும் ஆடவர் உடுக்கும் சாரங்களும் அங்கே நெய்யப்படுகின்றன. பன்புல்லிற்குச் சாயமேற்றிப் பாய் இழைக்கும் கைத்தொழிலும் இக்கரையோர முசிலிம் பெண்களிடையே நெடுங்காலமாக இருந்துவருகிறது.

ஐந்தடி உயரமுள்ள கிளையின் அடிப்பகுதி ஏறக்குறைய மூன்றடி அகலத்திற்கு விரியும். அதற்கு வெளியே நாற்புறமும் அரையடி நீண்டிருப்பின் உதிர்வன துணியிலேயே விழும். ஆகவே 48 அங்குல அகலம் போதுமானது. பருத்திச் சாரமொன்றின் மூட்டுத் தையலைப் பிரித்து விரித்தால் ஏறத்தாழ அந்த அகலமும் இரண்டு யார் நீளமும் கிடைக்கும். வட்டமாக வெட்ட வேண்டுவதில்லை; கைத்தறித் துணியை வெட்டினால் ஓரத்து இழை பிரியும். வாளியைச் சுற்றிக் கொய்து கயிற்றால் கட்டி, எஞ்சிய பகுதியைத் தரையிலே பரப்பினாற் போதும். பண்டிகை முடிந்தபின் துவைத்து, மீண்டும் மூட்டி, உடுத்திக்கொள்ளலாம்.

வாங்கும்போது நனைத்த வெள்ளைத் துணியால் ஓரத்தைத் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அது தரையிலும் ஒட்டும். பாயைத் தேர்வோர் வாளியின் கீழே ஒரு தட்டு வைத்தல் வேண்டும். ஈரம் நின்றால் பன் கறுத்துவிடும். துணியாயினும் பாயாயினும், மின்கம்பியின் இணைப்பை விரிப்பின் கீழே மறைத்து வைக்கவே கூடாது.

இத்தேர்வில் வேறொன்றும் அடங்கியுள்ளது. 2004 டிசெம்பர் 26 ஆம் நாள், நத்தாருக்கு மறுநாள், கடல் பொங்கி இக்கரையை அழித்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் மாண்டனர். மருதமுனையில் வீடுகளோடு தறிகளும் சிதைந்தன. தறியை மீண்டும் நாட்டலாம்; ஆனால் நெய்த துணியை வாங்குவார் இல்லையேல் அது ஓடாது. ஆலையில் மலிவாகச் செய்து கப்பலில் வரும் விரிப்பு ஒரு பண்டிகையோடு குப்பைக்குப் போகும். அதே பணத்திற்குச் சற்றுக் கூடக் கொடுத்தால், அயலூர் நெசவாளிக்குக் கூலி கிட்டும். வாங்கியவர்க்கு ஆண்டுகள் பல உழைக்கும் துணி கிட்டும். முசிலிம் நெசவாளியின் துணி கிறித்தவர் இல்லத்துப் பண்டிகைக்கு அடிவிரிப்பாவதில் புதுமை ஒன்றுமில்லை. அயலார் ஒருவர் உழைப்பை ஒருவர் வாங்கி வாழ்வதே இக்கரையின் இயல்பு.