வந்து சேராத ரசீதுகள்

கர்த்தருக்குள் பிரியமான பங்காளர்களே,

"காணிக்கை அனுப்பினோம், ரசீது வரவில்லையே" என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். ரசீதுகளை அன்றன்றே மின்னஞ்சலில் அனுப்பியிருந்தோம். ஆனால் அவை நம் மருத்துவமனைக்கென்று புதிதாகப் பதிவு செய்த இணையப் பெயரிலிருந்து சென்றவை. அந்தப் புதுமையே தடையாயிற்று.

ஏமாற்றுக்காரர்கள் சில நூறு ரூபாய்க்கு ஒரு புதிய இணையப் பெயரை வாங்கி, ஆயிரக்கணக்கில் பொய்க் கடிதங்களை அனுப்புகிறார்கள். அகப்படுமுன் அதைக் கைவிட்டு வேறொன்றை வாங்கிக்கொள்கிறார்கள். ஆகவே 1998இல் தொடங்கப்பட்ட ஸ்பேம்ஹாஸ் போன்ற அமைப்புகள், சந்தேகத்துக்குரிய பெயர்களைக் கறுப்புப் பட்டியலில் வைத்து அஞ்சல் நிலையங்களுக்கு அறிவிக்கின்றன. ஸ்பேம்ஹாஸின் பட்டியல்களில் ஒன்று, புதிய பெயர்களை முதல் 24 மணி நேரம் வைத்திருக்கிறது. குற்றம் கண்டதினால் அல்ல, அறிமுகம் இல்லாததினால். பட்டியலிலிருந்து நீங்கிய பின்பும் மின்னஞ்சல் நிறுவனங்கள் புதிய பெயரைச் சில வாரங்கள் கவனித்தே நம்புகின்றன.

அப்போஸ்தலர் 9ஆம் அதிகாரத்தில், எருசலேமுக்கு வந்த சவுலைச் சீஷர்கள் நம்பாமல் பயந்ததை அறிவீர்கள். பர்னபா முன்வந்து அவருக்காகப் பேசினபின்தான் சேர்த்துக்கொண்டார்கள். நம் கடிதங்களின் நிலையும் அதுவே.

இந்த எச்சரிக்கை உங்கள் நன்மைக்கே. 2020 மார்ச் மாதத்தில் பி.எம். கேர்ஸ் நிதி தொடங்கியவுடனே, அதன் யு.பி.ஐ. முகவரியில் ஒரே ஒரு எழுத்தைக் குறைத்துப் போலி முகவரி உண்டாக்கிக் காணிக்கையைத் திருப்ப முயன்றார்கள். இணையப் பெயரிலும் அப்படிச் செய்வது எளிது.

எங்கள் பங்கில், கடிதம் எங்களுடையதே என்று சான்று காட்டும் எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் என்னும் பதிவுகளைச் செய்திருக்கிறோம். ஒரே நாளில் எல்லாருக்கும் அனுப்பாமல் சிறிது சிறிதாக அனுப்பி வருகிறோம்.

நீங்கள் செய்ய வேண்டியது மூன்று. முதலாவது, உங்கள் ஸ்பேம் பெட்டியைத் திறந்து பாருங்கள். இரண்டாவது, அனுப்பியவர் முகவரியை இந்த இதழில் அச்சிட்டுள்ள முகவரியோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஒத்திருந்தால் "ஸ்பேம் அல்ல" என்று குறியுங்கள். நீங்கள் குறிப்பதே எங்களுக்குப் பர்னபாவின் சாட்சி. மூன்றாவது, புதிய வங்கிக் கணக்கு எண் கொடுத்து எங்கள் பெயரில் கடிதம் வந்தால், பணம் அனுப்பாதிருங்கள். பழைய ரசீதில் உள்ள தொலைபேசி எண்ணில் எங்களைக் கேளுங்கள்.

வியாதியஸ்தருக்காக நீங்கள் மனமுவந்து கொடுப்பது அவர்களிடமே வந்து சேர வேண்டும். அதற்காக நீங்கள் எத்தனை முறை விசாரித்தாலும் மகிழ்ச்சியோடே பதில் சொல்லுவோம்.

தேவன்தாமே உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக.