குகைக் கூரை ஏன் விழுவதில்லை?

வீடு கட்டுவது என்றால் கல்லின் மேல் கல் வைக்க வேண்டும். குகைக் கோயில் அப்படியன்று. இருக்கும் கல்லை வெட்டி எடுத்து எடுத்தே அங்கே இடம் உண்டாக்க வேண்டும். தவறாக வைத்த செங்கல்லைப் பிடுங்கிவிட்டு வேறொன்றை வைக்கலாம். தவறாக வெட்டிய பாறையை ஒட்டவைக்க முடியுமா? ஆகவே உளியை எடுப்பதற்கு முன்பே பாறையின் குணத்தை நன்கு அறிந்திருக்க வேண்டும். அந்த அறிவுக்குச் சான்றுகள் நெல்லைச் சீமையில் நிறைய உள்ளன. வாருங்கள், சிலவற்றைப் பார்ப்போம்.

நீரை ஏமாற்றிய காடி

பாளையங்கோட்டைக்கு வடகிழக்கே, சிற்றாறு தாமிரபரணியோடு கலக்கும் சீவலப்பேரிக்கு அருகில் மருகால்தலை என்ற சிற்றூர் உள்ளது. குளம் நிறைந்து வழியும் வாய்க்காலை நம் பக்கத்தில் 'மறுகால்' என்போம் அல்லவா? ஊரின் பெயர் அச்சொல்லை நினைவூட்டுகிறது. இங்குள்ள குன்றின் இயற்கைக் குகையில் கற்படுக்கைகளும், சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டும் உள்ளன. காசிபன் என்பவர் அக்கொடையைச் செய்தார் என்பது கல்வெட்டின் செய்தி.

துறவிகள் தங்கிய இத்தகைய குகைகளுக்குப் போனால் எல்லோரும் படுக்கையைத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் தலையை நிமிர்த்தி முகப்பின் மேல் விளிம்பைப் பாருங்கள். பல குகைகளில் அங்கே நீளமாக ஒரு காடி வெட்டியிருப்பார்கள். எதற்காக?

மழைநீர் பாறையின் மேலிருந்து வழிந்து விளிம்புக்கு வருகிறது. அங்கேயே அது கீழே விழுந்துவிடும் என்று நினைக்கிறோம், ஆனால் விழுவதில்லை. நீர் மூலக்கூறுகளுக்கும் பாறைக்கும் இடையே ஒட்டுவிசை உண்டு. அதனால் நீர் பாறையின் அடிப்பக்கத்தைப் பற்றிக்கொண்டே ஊர்ந்து, குகைக்குள் வந்து படுக்கையை நனைக்கிறது. டம்ளரிலிருந்து மெதுவாக நீரை ஊற்றும்போது அது டம்ளரின் வெளிப்பக்கத்தில் வழிவதற்கும் காரணம் இதுவே.

வழியில் ஒரு காடி இருந்தால் என்ன ஆகும்? நீர் மேலும் உள்ளே போக வேண்டுமானால் காடிக்குள் மேல்நோக்கி ஏற வேண்டும். புவியீர்ப்பு அதற்கு இடம் கொடுப்பதில்லை. நீர் காடியின் விளிம்பில் திரண்டு, கனத்து, சொட்டிவிடுகிறது. இன்றும் ஜன்னலுக்கு மேலுள்ள சன்ஷேடின் அடியில் கொத்தனார் ஒரு சிறு பள்ளம் விடுகிறார். அதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது.

எடையைத் தாங்கும் தூண்

அடுத்து, இன்றைய தென்காசி மாவட்டத்தில் கடையநல்லூருக்கு அருகிலுள்ள திருமலாபுரம். இங்கு முற்காலப் பாண்டியர் குடைவித்த குகைக் கோயில் இருக்கிறது. அக்கால ஓவியங்களின் எச்சங்களும் அதில் காணப்படுகின்றன. குடைந்தவர்கள் உள்ளிருந்த பாறையையெல்லாம் எடுத்தபோது, முகப்பில் மட்டும் சில தூண்களை விட்டுவைத்தார்கள். அவை அழகுக்காக மட்டுமா?

ஒரு சாக்பீஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதை நிறுத்தி, மேலிருந்து அழுத்துங்கள், எளிதில் உடையாது. இப்போது அதன் இரு முனைகளையும் இரண்டு புத்தகங்களின் மேல் வைத்து நடுவில் அழுத்துங்கள். 'படக்' என்று முறியும். வளையும்போது அதன் மேற்பக்கம் நெருக்கப்படுகிறது, கீழ்ப்பக்கம் இழுக்கப்படுகிறது. விரிசல் கீழ்ப்பக்கத்தில்தான் தொடங்கும். கருங்கல்லும் இப்படியே. சதுர சென்டிமீட்டருக்கு 1,000 கிலோவுக்கும் மேலான அழுத்தத்தை அது தாங்கும். இழுவிசையிலோ அதில் பத்தில் ஒரு பங்கைத் தாங்குவதே கடினம்.

குகைக் கூரை தன் எடையாலேயே வளையப் பார்க்கிறது. கூரையின் தடிமன் மாறாமல் இருக்க, தாங்கும் இடங்களுக்கு இடையிலுள்ள தூரம் இருமடங்கானால், அடிப்பக்கத்தின் இழுதகைவு நான்கு மடங்காகும். தூரம் பாதியானால் அது நான்கில் ஒரு பங்காகக் குறையும். நடுவே விட்ட ஒரு தூணால் எவ்வளவு லாபம், பாருங்கள்!

மேலிருந்து கீழே

வடக்கே கோவில்பட்டி பக்கம் போனால் கழுகுமலை. 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த ஊர். இப்போது தூத்துக்குடி மாவட்டம். இங்குள்ள வெட்டுவான் கோயில் 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மலைச்சரிவில் சுமார் 7.5 மீட்டர் ஆழத்துக்குப் பாறையை வெட்டி, நடுவில் நின்ற ஒற்றைக் கல்லையே கோயிலாகச் செதுக்கினார்கள். சிகரம் முழுமையாக இருக்கிறது, அடிப்பகுதியோ முடியவில்லை. வேலை மேலிருந்து கீழே நடந்தது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. சிற்பி நிற்கப் பாறையே தளமாக இருந்ததால் உயரமான சாரம் வேண்டியிருக்கவில்லை.

எத்தியோப்பியாவின் லாலிபெலாவிலும் 11 கிறிஸ்தவ ஆலயங்கள் பாறையில் வெட்டப்பட்டிருக்கின்றன. அவற்றுள் புனித ஜார்ஜ் ஆலயம் நிலமட்டத்திலிருந்து கீழ்நோக்கி வெட்டிய சிலுவை வடிவக் கட்டடம். அங்குள்ள பாறை எரிமலை தந்த மென்மையான பாறை. ஆகவே உளிக்கு எளிதில் இணங்கும். ஆனால் நீரையும் எளிதில் உறிஞ்சிச் சிதையும். நம் கழுகுமலைப் பாறை கடினமானது. வெட்டுவது அரிது, நிலைப்பது நெடுங்காலம்.

சுரங்கக் கதைகள்

"கோட்டையிலிருந்து ஆற்றங்கரை வரை ரகசியச் சுரங்கம் இருந்ததாமே?" என்று மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. கதையைக் கேட்டதும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். ஒன்று, நிலத்தடி நீர் எந்த ஆழத்தில் இருக்கிறது? ஆற்றோர வண்டல் மண்ணில் சில மீட்டர் தோண்டினாலே நீர் ஊறும், சுரங்கம் கிணறாகிவிடும். இரண்டு, உள்ளே காற்று எப்படி வரும்? தீப்பந்தமும் மனிதரும் ஆக்சிஜனை வேகமாகச் செலவழிப்பார்கள்.

உண்மையான ராணுவச் சுரங்கத்தைத் தோண்டியவர்களுக்கும் இதே தொல்லைதான். 1782-இல் ஜிப்ரால்டரின் சுண்ணாம்புப் பாறைக்குள் ஆங்கிலேயர் சுரங்கம் வெட்டியபோது, வெடிமருந்துப் புகை மூச்சை அடைத்தது. புகை போவதற்காகப் பக்கச் சுவரில் துளை போட்டார்கள். அத்துளை வழியே எதிரியைச் சுடலாம் என்று பிறகு கண்டுகொண்டு, அங்கே பீரங்கியை வைத்தார்கள்!

நம் பங்கு

நீரையும் எடையையும் வென்று நிற்கும் இக்குகைகளுக்கு இன்று பெரிய அபாயம் மனிதரால்தான். அருகில் வெடிவைத்துக் கல் உடைத்தால், அதிர்வில் பாறையின் நுண்ணிய விரிசல்கள் நீளும். அவற்றில் மழைநீர் இறங்கும். செடியின் வேர் நுழைந்து பருக்கும். உறுதியான கூரையும் அப்போது பலவீனப்படும். ஆணியால் கீறிய ஒரு பெயர் பழங்கல்வெட்டின் ஓர் எழுத்தையே அழித்துவிடலாம். மனிதனுக்குப் பட்ட காயம் ஆறும். பாறைக்குப் பட்டது ஆறாது.

ஆகவே அடுத்த விடுமுறையில் ஆசிரியரோடோ பெற்றோரோடோ போய்ப் பாருங்கள். டார்ச் விளக்கும் நோட்டுப் புத்தகமும் எடுத்துச் செல்லுங்கள். காடி எங்கே இருக்கிறது, தூண்களுக்கு இடையே எத்தனை அடி, விரிசல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயரையும் எழுதலாம், நோட்டுப் புத்தகத்தில்!