மதம் மாறியபின் சாதி எங்கே போகிறது?

மேலகரம், தென்காசி வட்டாரத்தில் மதமாற்றம் என்றதும் 1981இல் இசுலாம் தழுவிய மீனாட்சிபுரமே நினைவுக்கு வரும். ஆயினும், மாறியபின் சமத்துவம் கிடைக்கிறதா என்னும் கேள்வி தொடக்கக்காலத் திருச்சபையிலேயே எழுந்தது.

யூதரல்லாதார் கிறித்தவராவதற்கு விருத்தசேதனம் தேவையில்லை என எருசலேமில் கூடிய அப்போஸ்தலர் முடிவு செய்தனர். சேர்வதற்குத் தடை நீங்கியது. பந்தியில் தடை நீங்கவில்லை. அந்தியோக்கியாவில் யூதரல்லாத விசுவாசிகளோடு உண்டுவந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அஞ்சி விலகினார். பவுல் அவரை எல்லோர் முன்னிலையிலும் கண்டித்தார். பிறப்பின் பாகுபாடு திருமுழுக்கால் தானாக மறையாது, எதிர்த்து நின்றே அகற்ற வேண்டும் என்பதற்கு இதுவே பழைய சான்று.

நெல்லை மாவட்டத்து வடக்கன்குளத்தில் இப்பாகுபாடு சுவராகவே நின்றது. 1872இல் எழுந்த தேவாலயத்தில் வேளாளரும் நாடாரும் தனித்தனிப் பகுதிகளில் வழிபட்டனர். 1910இல் பங்குத்தந்தை கௌசானல் தடுப்பை இடித்தார். வேளாளர் வழக்குத் தொடுத்தனர். தேவாலயத்துள் சாதி உரிமை செல்லாதெனச் சென்னை உயர்நீதிமன்றம் தீர்த்தது.

தலித் கிறித்தவர்க்கோ பல ஊர்களில் கல்லறைத் தோட்டம்கூட இன்றும் தனி. ஆனால் 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை அவர்களைப் பட்டியல் சாதியாக ஏற்பதில்லை. சீக்கியர்க்கு 1956இலும் பௌத்தர்க்கு 1990இலும் அது திருத்தப்பட்டது. மதத் தடையை நீக்குமாறு ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தும் மாற்றமில்லை.

ஆகவே போராட்டக்களம் இரண்டு: திருச்சபைக்குள் சமபந்தி, அரசிடம் சம உரிமை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பது அநீதி.