தேனீக்கள் கலைத்த படை

1914 நவம்பர் 4. கிழக்கு ஆப்பிரிக்காவில் அன்று ஜெர்மனியின் வசமிருந்த டாங்கா துறைமுகத்தைப் பிடிக்க, இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த ஒரு படை தோட்டங்களுக்கும் புதர்களுக்கும் ஊடே முன்னேறிக்கொண்டிருந்தது. மொத்தம் சுமார் 8,000 பேர். காஷ்மீர், குவாலியர் சமஸ்தான வீரர்களோடு, சென்னை ராணுவ மரபில் வந்த 63வது பாளையங்கோட்டை இலகு காலாட்படையும் 61வது பயனியர் படையும் அதில் இருந்தன. எதிரே ஜெர்மானியத் தளபதி லெட்டோ-ஃபோர்பெக் தலைமையில் சுமார் 1,000 பேர்.

சண்டை மூண்டது. குண்டுகள் மரங்களைத் துளைத்தன. அந்த மரங்களில், உள்ளூர் மக்கள் தேனுக்காகக் குடைந்த மரத்துண்டுகளைக் கூடுகளாகத் தொங்கவிட்டிருந்தார்கள். கலைந்த தேனீக்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பி, இந்தியாவிலிருந்து வந்த படையின் 98வது காலாட்படை மீது இறங்கின. வரிசை குலைந்தது. மறுநாள் படை முழுவதும் கப்பலுக்குத் திரும்பியது. முதல் உலகப் போரின் வரலாற்றில் இதற்குத் ‘தேனீக்களின் போர்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

ஜெர்மானியர்கள் தேனீக்களைப் பழக்கி ஏவிவிட்டார்கள் என்று அப்போது வதந்தி பரவியது. தேனீ எவருக்கும் சிப்பாயாகாது. அன்று ஜெர்மானியத் தரப்பின் இயந்திரத் துப்பாக்கி வீரர்களையும் அவை கொட்டி விரட்டின. நடந்தது என்ன என்பதற்கு விடை, தேனீயின் வயிற்று நுனியில் இருக்கும் மிகச் சிறிதளவு வேதிப்பொருளில் இருக்கிறது.

வேலைக்காரத் தேனீயின் கொடுக்கில் பின்னோக்கி வளைந்த முட்கள் உண்டு. மனிதத் தோலில் இறங்கிய கொடுக்கு திரும்ப வராது. தேனீ பறக்கும்போது நச்சுப்பையோடு பிய்ந்து தோலிலேயே தங்கிவிடும். தேனீ இறந்துபோகும். ஆனால், பிய்ந்து வந்த நச்சுப்பையின் தசைகள் தாமாகவே சுருங்கி விரிந்து, நஞ்சை உள்ளே செலுத்திக்கொண்டே இருக்கும். கூடவே அங்கிருந்து ஒரு மணமும் கிளம்பும். அதன் முக்கியக் கூறு ஐசோபென்டைல் அசிடேட் என்று 1962-இல் கண்டறிந்தார்கள். பழுத்த வாழைப்பழத்தின் வாசனையில் இருப்பதும் இதே பொருள்தான். நமக்கு இனிக்கும் அந்த வாசனை, தேனீக்கு ‘எதிரி இங்கே இருக்கிறான், கொட்டு’ என்ற கட்டளை. முதல் தேனீ கொட்டிய இடத்தைத் தேடிப் பத்து வரும், பத்தும் கொட்டினால் மணம் பத்து மடங்காகும், நூறு வரும். அசையும் பொருளும் கறுத்த நிறமும் மூச்சுக்காற்றும் அவற்றை மேலும் இழுக்கும். உதறிக்கொண்டு மூச்சிரைக்க ஓடும் மனிதனிடம் இவை அத்தனையும் இருக்கின்றன. ஆப்பிரிக்கத் தேனீக்களோ இந்தக் கட்டளைக்கு மற்றத் தேனீக்களைவிட விரைவாகவும் பெருங்கூட்டமாகவும் எழும், வெகுதூரம் துரத்தும்.

இந்த வேதியியலை நம் சேர்வராயன் மலையிலேயே பார்க்கலாம். ஏற்காட்டைச் சுற்றியுள்ள பாறைச் சரிவுகளிலும் காப்பித் தோட்டங்களின் உயர்ந்த நிழல் மரங்களிலும் மலைத்தேனீ கூடு கட்டும். தமிழ்நாட்டுத் தேனீக்களில் இதுவே பெரியது. பொந்தும் பெட்டியும் இதற்கு வேண்டாம். ஒரே ஓர் அடை, திறந்தவெளியில் தொங்கும். சில அடைகள் ஒரு மீட்டர் அகலத்தையும் தாண்டும். அடையைத் தேனீக்களே போர்வையாக மூடியிருக்கும். குளவி ஒன்று அருகே வந்தால், அந்தப் போர்வையில் நெல் வயலில் காற்று ஓடுவதுபோல் ஓர் அலை ஓடும். ஆயிரக்கணக்கான தேனீக்கள் அடுத்தடுத்து வயிற்றை மேலே தூக்கி இறக்குவதால் எழும் அலை அது. அடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனையை ஒரு விநாடிக்குள் தொட்டுவிடும். பெரும்பாலும் குளவி விலகிப் போய்விடும். விலகாத எதிரி மீதுதான் கொடுக்கு பாயும். மலைத்தேனீயின் எச்சரிக்கை மணத்தில், எளிதில் ஆவியாகாத இன்னொரு பொருளும் கலந்திருக்கிறது. அதனால் அதன் கோபம் அடங்க நேரமாகும்.

மலையில் தேன் எடுப்பவர்களுக்கு இதெல்லாம் பரம்பரை அறிவு. பெரும்பாலும் நிலவில்லாத இரவில்தான் மலைத்தேன் எடுப்பார்கள். இருட்டில் அவற்றுக்குப் பறப்பது கடினம். பச்சிலையும் சருகும் கட்டிப் புகை போடுவார்கள். புகை எச்சரிக்கை மணத்தை மறைக்கிறது. கூட்டுக்கு நெருப்பு வந்துவிட்டது என்று நினைக்கும் தேனீக்கள் கிளம்புவதற்காகத் தேனை வயிறு நிறையக் குடிக்கின்றன. கொட்டும் வேகம் குறைகிறது. சுற்றுலா வருபவர்களும் இதில் கொஞ்சமாவது தெரிந்துகொள்ள வேண்டும். அடை தெரியும் இடத்தில் கல்லெறிய வேண்டாம், பட்டாசு வெடிக்க வேண்டாம். கொட்டத் தொடங்கினால் கையை வீசாமல், முகத்தை மூடிக்கொண்டு, நிற்காமல் ஓடி, மூடிய வண்டிக்குள்ளோ அறைக்குள்ளோ புகுந்துவிட வேண்டும். பிறகு கொடுக்கை உடனே அகற்ற வேண்டும். நகத்தால் சுரண்டுவதா, பிடித்து இழுப்பதா என்பது முக்கியமில்லை. தாமதிக்கும் ஒவ்வொரு விநாடியும் நஞ்சு இறங்குகிறது. பல கொட்டு வாங்கியவரையும், மூச்சு திணறுபவரையும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

டாங்காவில் தோல்விப் பழி பெரிதும் இந்தியச் சிப்பாய்கள் மீது விழுந்தது. கோழைகள், ஓடிவிட்டார்கள் என்றார்கள். பாளையங்கோட்டைப் படை இயந்திரத் துப்பாக்கிச் சூட்டில் சிதறியது உண்மை. ஆனால், வாரக்கணக்கில் நெரிசலான கப்பலில் கிடந்து வந்தவர்களுக்குத் தளபதி ஆர்தர் எய்ட்கென் இளைப்பாற நேரம் தரவில்லை. களத்தை முறையாக உளவு பார்க்கவும் இல்லை. டாங்கா தொடர்பாக முன்பு இருந்த போர் நிறுத்த உடன்பாடு முடிந்தது என்று பிரிட்டிஷ் கடற்படைக் கப்பலின் தலைவரே முன்கூட்டி அறிவித்ததால், எதிரிக்குத் துருப்புகளைக் குவிக்க அவகாசம் கிடைத்தது. இவ்வளவுக்கும் பிறகு தேனீக்கள் வந்தன. பிரிட்டிஷ், இந்தியத் தரப்பில் சுமார் 800 பேர் மாண்டார்கள் அல்லது காயமடைந்தார்கள்.

அந்தப் போருக்காக இந்தியாவிலிருந்து கடல் கடந்து போனவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். தம் நாட்டின் முடிவாக இல்லாத ஒரு போரில் அவர்கள் நின்றார்கள். அவர்களில் சிலரை ஒரு மாலைப்பொழுதை வைத்துக் கோழைகள் என்று எழுதிவைத்தவர்களுக்குத் தேனீயைப் பற்றி எதுவும் தெரியாது. எச்சரிக்கை மணத்துக்கு முன் எந்தப் படையும் வரிசையில் நிற்க முடியாது என்பதைத் தெரிந்துகொண்ட நாம், அந்தச் சொல்லை அவர்கள் பெயரிலிருந்து எடுத்துவிட வேண்டும்.