சீப்பு சொல்லும் சேதி

கொங்கு நாட்டில் தலைமயிரை இழப்பவர்கள் இரு வகைப்படுவர். பழனியாண்டவருக்கு மனமுவந்து முடி காணிக்கை செலுத்திவிட்டு, மொட்டைத் தலையில் சந்தனம் கமகமக்க மலையிறங்கி வருகிறவர்கள் ஒரு வகை. யாரும் கேளாமலே தினந்தோறும் சீப்புக்குக் காணிக்கை செலுத்துகிறவர்கள் மற்றொரு வகை. முன்னவர்கள் முகத்தில் ஆனந்தம் தாண்டவமாடுகிறது. பின்னவர்களோ கண்ணாடியைக் கண்டாலே பெருமூச்செறிகிறார்கள்.

இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்த ஒரு பெண்ணைச் சில மாதங்களுக்கு முன் சிங்காநல்லூரில் சந்தித்தேன். பைக்கரா மின்சாரம் 1930-களில் வந்தபின் கோவையைச் சுற்றிப் பஞ்சாலைகள் பெருகின அல்லவா? திருச்சி ரோட்டையொட்டிய சிங்காநல்லூரும் அப்படி ஆலைச் சங்கொலியில் வளர்ந்த ஊர்தான். தனி நகராட்சியாக இருந்து, 1981-ல் கோவை மாநகராட்சியுடன் கலந்தது. நான் சென்ற வீட்டுப் பெண்ணும் ஒரு நூற்பாலையில்தான் வேலை பார்க்கிறாள். வயது இருபத்து மூன்று. கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஆனால் பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் வரமாட்டேன் என்று பிடிவாதம் செய்தாள்.

காரணத்தை அவளுடைய பாட்டியம்மாள் ஒரு காகிதப் பொட்டலத்தில் கொண்டுவந்து காட்டினாள். பிரித்துப் பார்த்தால், உள்ளே ஒரு கைப்பிடி கூந்தல்!

"பாருங்க தம்பி, ஒரே நாள்ல உதிர்ந்ததுங்க இது. எல்லாம் இந்த உப்புத் தண்ணி பண்ற வேலைங்க. சிறுவாணித் தண்ணி தெனமும் வந்தா இப்படி ஆகுமுங்களா?" என்றாள் பாட்டி.

"தண்ணி இல்லீங்க அம்மாயி. அந்த எண்ணெயை இன்னும் ரெண்டு பாட்டில் தேய்ச்சா நின்னுருமுன்னு கடைக்காரர் சொன்னாருங்க" என்றாள் பேத்தி. அலமாரியில் ஏழெட்டு எண்ணெய்ப் புட்டிகள் அணிவகுத்து நின்றன. மூன்று மாதச் சம்பளத்தில் பெரும் பகுதி அந்தப் புட்டிகளுக்குள் இறங்கியிருந்தது.

இதற்குள், மாடிப்படி ஏறி வந்த அந்தப் பெண் மூச்சு வாங்க நின்றதை நான் கவனித்தேன். அதற்கு நாலு மாதம் முன்பு அவளுக்குக் கடுமையான டைபாய்டு ஜுரம் கண்டிருந்ததென்றும் பேச்சுவாக்கில் தெரிந்தது. இந்த இரண்டு விஷயங்களையும் வீட்டில் ஒருவரும் கூந்தலோடு சேர்த்து யோசிக்கவில்லை.

தலைக்குள் ஒரு பஞ்சாலை

நம் தலையில் சுமார் ஒரு லட்சம் மயிர்கள் உண்டு. அவற்றில் நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு வரை உதிர்வது இயற்கை. ஒவ்வொரு மயிரும் இரண்டு முதல் ஏழு வருஷ காலம், மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வீதம் வளருகிறது. பிறகு சுமார் மூன்று மாதம் ஓய்வெடுத்து உதிர்ந்துவிட, அதே வேரிலிருந்து புது மயிர் முளைக்கிறது.

ஆலைத் தொழிலாளிகள் ஷிப்ட் முறையில் வேலை செய்வதைப்போல் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த நேரத்திலும் பத்தில் ஒன்பது பேர் வேலையில் இருப்பார்கள். ஒருவர் ஓய்வில் இருப்பார். அதனால்தான் உதிர்வது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் ஆலையில் திடீரென்று மின்சாரம் நின்றுவிட்டால்? எல்லோரும் ஒரே சமயத்தில் வெளியே வந்துவிடுவார்கள் அல்லவா? டைபாய்டு, டெங்கு போன்ற ஜுரம், பிரசவம், பெரிய ரண சிகிச்சை, கடும் பட்டினி, மனத்தைத் தாக்கிய துக்கம் இவையெல்லாம் அத்தகைய மின்வெட்டுகளே. ஏராளமான மயிர்கள் ஒருங்கே ஓய்வுக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக உதிர்கின்றன. 2020, 2021-ல் கொரோனா கண்டு பிழைத்தவர்கள் பலர் இப்படித் தலைமயிரை இழந்து திகிலடைந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இதில் வேர் சாவதில்லை. காரணம் நீங்கினால் பெரும்பாலோருக்கு ஆறு மாதத்திற்குள் உதிர்வது அடங்கி, மயிர் தானே திரும்ப வளர்கிறது. அந்தச் சமயத்தில் கையில் எந்தப் புட்டி இருக்கிறதோ, அந்தப் புட்டிக்குப் பெயரும் புகழும் வந்து சேருகின்றன!

இரத்தமே உரம்

ஜுரம் போயும் உதிர்வது நிற்கவில்லையென்றால் இரத்தத்தைப் பரிசோதிக்க வேண்டும். இரும்புச் சத்துக் குறைவும், தைராய்டு சுரப்பியின் கோளாறும் கூந்தலைக் குறைக்கும். 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 53 பேர். வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிச்சத்தைத் தான் சாப்பிடுவதைப் பெருமையாகக் கருதும் நம் தாய்மார்களை நினைத்தால் இது ஆச்சரியமாகத் தோன்றவில்லை, வெட்கமாகத்தான் இருக்கிறது.

பெண்களுக்கு இரத்தத்தில் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராமாவது இருக்க வேண்டும். குறைந்தால் டாக்டர் சொல்லும் அளவில் இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட வேண்டும். காப்பி, தேநீரோடு சேர்த்துச் சாப்பிட்டால் சத்து உடம்பில் சேராது. எலுமிச்சம்பழச் சாறு அதற்குத் துணை செய்யும். கீரை, பயறு, எள், கம்பு ஆகியவற்றை ஆகாரத்தில் சேர்ப்பது நல்லது. புலால் உண்பவர்களுக்கு ஈரல் இன்னும் நல்லது.

தண்ணீரும் அரப்பும்

பாட்டியம்மாளின் கட்சியையும் கொஞ்சம் கேட்போம். உப்புத் தண்ணீரில் சோப்புச் சரியாக நுரைக்காது. அழுக்கோடு சேர்ந்து மயிரின்மேல் படிந்துவிடும். மயிர் முரடாகிச் சிக்கு விழும். சீவும்போது நடுவில் ஒடியும். ஆனால் ஒடிவது வேறு, வேரோடு உதிர்வது வேறு. உதிர்ந்த மயிரின் நுனியில் சிறு வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரிலிருந்து வந்தது, குற்றம் தண்ணீருடையதன்று.

உசில மரத்து இலையைக் காயவைத்து இடித்த அரப்புத் தூளும் சீயக்காயும் கொங்கு நாட்டு வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வழங்குபவை. இவற்றிலுள்ள நுரைச் சத்து எண்ணெயையும் அழுக்கையும் போக்கும். தேங்காயெண்ணெய் மயிரிலிருந்து புரதம் கழிவதைக் குறைக்கிறது என்று, எண்ணெய் வியாபாரம் செய்யும் ஒரு கம்பெனியின் மும்பை ஆராய்ச்சியாளர்கள் 2003-ல் வெளியிட்டார்கள். ஆக, எண்ணெயும் அரப்பும் இருக்கிற மயிரைக் காப்பாற்ற உதவும். இல்லாத மயிரை முளைக்க வைக்கும் என்று எண்ணுவதுதான் பிசகு. மொட்டையடித்தால் அடர்த்தியாக வளரும் என்பதும் அப்படியே. வேர் இருப்பது தோலுக்கு அடியில். நாவிதர் கத்தி அங்கே எட்டுவதில்லை.

பொடுகு, படை, பேன், புழுவெட்டு

பொடுகுக்குக் காரணம், தலையின் எண்ணெய்ப் பசையைத் தின்று வாழும் ஒரு நுண்ணிய காளான். பொடுகுத் தலையில் இரவெல்லாம் எண்ணெய் ஊறவைப்பது அதற்கு விருந்து வைப்பதாகும். கீட்டோகோனஸோல் கலந்த ஷாம்புவை வாரம் இருமுறை தேய்த்து, ஐந்து நிமிஷம் பொறுத்து அலசினால் அடங்கும். அடியோடு ஒழியாது, திரும்ப வந்தால் திரும்பத் தேய்க்க வேண்டியதுதான்.

குழந்தைகளின் தலையில் செதிலும் ஒடிந்த மயிருமாகத் திட்டு விழுந்தால் அது படையாக இருக்கலாம். சீப்பு, துண்டு, கத்திரி வழியாகப் பரவும். களிம்பு மட்டும் போதாது; கிரிஸியோபுல்வின் போன்ற மருந்தைப் பல வாரம் உள்ளுக்குக் கொடுக்க வேண்டும். சீழ் கட்டும்வரை விட்டால் நிரந்தரத் தழும்பாகும்.

பேனுக்கு, வீட்டில் பேன் கண்ட எல்லோருக்கும் ஒரே நாளில் பெர்மெத்ரின் மருந்து தடவி, ஏழு முதல் பத்து நாளில் மீண்டும் தடவிச் சீவ வேண்டும். மண்ணெண்ணெயை மட்டும் தலையருகே கொண்டுபோக வேண்டாம். அது விஷம், தீ அபாயமும் உண்டு.

காசளவு வட்டமாக வழுவழுவென்று சொட்டை விழுவதைப் புழுவெட்டு என்கிறோம். உண்மையில் அங்கே புழு எதுவும் இல்லை. தேகத்தைக் காக்கும் படையே தவறுதலாக மயிர்வேரைத் தாக்குவதால் வருவது அது. சிறு திட்டுகள் பலருக்கு ஒரு வருஷத்திற்குள் தாமாகவே நிரம்பிவிடும். காரமான பொருள்களைத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்காமல், தோல் வைத்தியரிடம் போவதே உத்தமம். பிடிவாதமான நிலைக்கு பாரிசிடினிப் என்ற மாத்திரையை அமெரிக்காவில் 2022-ல் அங்கீகரித்திருக்கிறார்கள். அது டாக்டர் மேற்பார்வையிலேயே உண்ண வேண்டியது.

வழுக்கையும் விளம்பரமும்

ஆண்களின் வழுக்கைக்குப் பரம்பரையும் ஆண் ஹார்மோனும் காரணம். இரத்தக் கொதிப்புக்காகச் சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் மயிர் வளர்ந்ததைக் கண்டு, மினாக்ஸிடிலைத் தலையில் தடவும் மருந்தாக்கினார்கள். அமெரிக்காவில் 1988-ல் அனுமதி கிடைத்தது. பலன் தெரிய நாலைந்து மாதமாகும். நிறுத்தினால் பலனும் நின்றுவிடும். பினாஸ்டெரைடு மாத்திரை 1997-ல் வந்தது. கர்ப்பிணிகள் அதைத் தொடவே கூடாது.

சாஸ்திரம் கண்ட முக்கிய மருந்துகள் இவை. ஆனால் விளம்பரங்களோ நாற்பது நாளில் நதிபோல் கூந்தல் வளரும் என்கின்றன! வழுக்கையைப் போக்குவதாக எந்த மருந்தும் உரிமை கொண்டாடக் கூடாதென்று 1945-ஆம் வருஷத்து மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணை சொல்கிறது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. புட்டி அலமாரியில் இருக்கிறது.

பாட்டியின் பிரார்த்தனை

நான் வற்புறுத்தியதன்பேரில் அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றார்கள். ஹீமோகுளோபின் எட்டுத்தான் இருந்தது! "முடியைப் பற்றி அப்புறம் பேசலாம், அம்மா. முதலில் உன்னைப் பிழைக்க வைப்போம்" என்றாராம் டாக்டர். அந்த அளவு இன்னும் இறங்கியிருந்தால் எங்கே போய் முடிந்திருக்குமோ! கூந்தல் உதிர்ந்தது ஒரு வகையில் அவளுக்கு எச்சரிக்கை மணியாயிற்று.

சென்ற மாதம் மறுபடியும் போயிருந்தேன். மாடிப்படியில் மூச்சு வாங்காமல் ஏறி வந்தாள். நெற்றியோரத்தில் குட்டை மயிர்கள் புல்போல் முளைத்திருந்தன. புட்டிகள் இருந்த அலமாரியில் கம்பு மாவு டப்பா வீற்றிருந்தது.

பாட்டியம்மாள் மட்டும் ஏதோ யோசனையில் இருந்தாள்.

"முடி வளர்ந்தாப் பேத்திக்கு மொட்டை போடறேன்னு பழனியாண்டவனுக்கு வேண்டிக்கிட்டனுங்க தம்பி. இப்ப என்னுங்க பண்றது?"

பேத்தி திடுக்கிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு சிரித்துக்கொண்டே, "பூ முடி குடுத்தாப் போதுமுங்க அம்மாயி. முருகன் ஒண்ணும் சொல்ல மாட்டாருங்க" என்றாள்.

அந்தச் சமரசத்துக்கு ஆண்டவன் சம்மதித்திருப்பான் என்றே எனக்குத் தோன்றுகிறது.