இரண்டாவது வைத்தியரின் அபிப்பிராயம்

"சிறுநீரகம் பழுதாகிவிட்டது, ரண சிகிச்சை செய்து எடுத்துவிட வேண்டும்" என்று ஒரு வைத்தியர் கூறிவிட்டால், விம்கோ நகர் முதல் இராயபுரம் வரையிலுள்ள தொழிலாளர் குடும்பங்களில் நடப்பது யாது? நகை அடகுக் கடைக்குப் போகிறது. காட்டிய இடத்தில் கையெழுத்து விழுகிறது. இன்னொரு வைத்தியரையும் கேட்கலாமே என்று எவரேனும் சொன்னால், "டாக்டர் கோபித்துக் கொள்வாரே!" என்ற அச்சம் குறுக்கே நிற்கிறது. ஒரு புடவை வாங்க நான்கு கடை ஏறி இறங்கும் நாம், உடலின் ஓர் அங்கத்தை இழக்குமுன் இரண்டு வைத்தியரைக் கேட்கக் கூசுவது விந்தையே.

சிறுநீரகக் கோளாறு அனைத்துக்கும் கத்தி ஒன்றே மருந்தன்று. ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைந்த கற்களில் பெரும்பாலானவை தாமே வெளியேறிவிடும். அவற்றினும் பெரிய கற்கள் பலவற்றை அதிர்வலைகளால் பொடியாக்கலாம். குழாய் செலுத்தியும் எடுக்கலாம். ஸ்கேனில் தற்செயலாகத் தென்படும் சாதாரண நீர்க்கட்டிக்குப் பெரும்பாலும் சிகிச்சையே வேண்டியதில்லை. நான்கு சென்டிமீட்டருக்கு உட்பட்ட புற்றுக்கட்டியாயின், சிறுநீரகத்தைக் காப்பாற்றிக் கட்டியை மட்டும் அகற்றுவது பல சந்தர்ப்பங்களில் சாத்தியம். 'வேலை செய்யவில்லை' எனப்படும் சிறுநீரகம் உண்மையில் எத்தனை பங்கு வேலை செய்கிறது என்பதைக் கதிரியக்க ஸ்கேன் அளந்து சொல்லும். இவற்றுள் எது தமக்குப் பொருந்தும் என்று கேட்டறிவது நோயாளியின் கடமை.

வைத்திய சாஸ்திரத்தில் முன்னேறிய பிரிட்டனிலேயே, 2000-ஆம் ஆண்டில், வேல்ஸ் பகுதியிலுள்ள லானெல்லி நகரில், நோயுற்ற சிறுநீரகத்தை விட்டுவிட்டு நல்ல சிறுநீரகத்தை எடுத்துவிட்டனர். நோயாளி சில வாரங்களில் மாண்டார். தவறு நேர்வதாக மருத்துவ மாணவி ஒருவர் எச்சரித்தும் அது ஏற்கப்படவில்லை என்பது பின்னர் வெளியாயிற்று. எத்துணைத் தேர்ந்த கைக்கும் இன்னொரு கண் தேவை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

நமது வட்டாரத்துக்கு இப்பாடம் புதிதன்று. விம்கோ நகரை அடுத்த எர்ணாவூரில், 2004 சுனாமிக்குப் பின் குடியமர்த்தப்பட்ட மீனவர் குடும்பங்களைச் சேர்ந்த பெண்கள் பலர் வறுமையால் தம் சிறுநீரகத்தை விற்றுவிட்ட செய்தி 2007 ஜனவரியில் வெளிவந்து நாட்டைத் திடுக்கிடச் செய்தது. நெருங்கிய உறவினரல்லாதார் சிறுநீரகம் தானம் செய்ய அங்கீகாரக் குழுவின் அனுமதி வேண்டும் என்று 1994-ஆம் ஆண்டுச் சட்டமே விதித்திருந்தது. ஒருவர் சொல்லை மட்டும் நம்பி ஒரு சிறுநீரகம் உடலை விட்டுப் போகக் கூடாது என்பதே அதன் தாத்பரியம். நல்ல சிறுநீரகத்துக்கு உள்ள இக்காவல், நோயுற்ற சிறுநீரகத்துக்கும் வேண்டாமா?

சட்டமும் நோயாளியின் பக்கமே நிற்கிறது. பரிசோதனைக்குத் தந்த சம்மதம் ரண சிகிச்சைக்குத் தந்த சம்மதம் ஆகாது என்று 2008-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. நோயாளி கேட்டால் வைத்தியக் குறிப்புகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி. தேசிய மனித உரிமைக் கமிஷன் 2018-இல் தயாரித்த நோயாளர் உரிமைப் பட்டயத்தில், இரண்டாவது அபிப்பிராயம் கேட்பதும் ஓர் உரிமையாகக் கூறப்பட்டிருக்கிறது.

இதற்குப் பணமும் பெரிதாக வேண்டியதில்லை. இராயபுரத்தை அடுத்து ஸ்டான்லி சர்க்கார் ஆஸ்பத்திரி இருக்கிறது. விம்கோ நகரில் மெட்ரோ ரயில் ஏறினால் சென்ட்ரலில் இறங்கலாம். எதிரே சர்க்கார் பொது ஆஸ்பத்திரி. ஸ்கேன் படங்கள், இரத்தப் பரிசோதனை முடிவுகள், உண்ணும் மருந்துகளின் பட்டியல் ஆகியவற்றைக் கையோடு கொண்டு போக வேண்டும். "இப்போதே செய்வது அவசியமா? காத்திருந்தால் என்ன ஆகும்? வேறு வழி உண்டா? மற்றொரு சிறுநீரகம் எப்படி இருக்கிறது?" என்ற நான்கு கேள்விகளையும் தவறாமல் கேட்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். சிறுநீர் அடைப்போடு கடும் ஜுரமும் நடுக்கமும் கண்டாலோ, சிறுநீர் அறவே நின்றுவிட்டாலோ, விபத்தில் உதிரம் பெருகினாலோ, ஒரு நிமிஷமும் தாமதிக்கலாகாது. அவ்வேளையில் வேறொரு வைத்தியரைத் தேடி அலைவது உயிருக்கே அபாயம்.

ஏனைய சமயங்களில் கேள்வி கேட்பது வைத்தியருக்கு அவமரியாதை ஆகாது. நேர்மையான வைத்தியர் அதை வரவேற்கவே செய்வார். தொழிற்சங்கங்களும் மீனவர் பஞ்சாயத்துகளும், எழுத்தறியாத நோயாளிகளுடன் விஷயம் அறிந்த ஓர் இளைஞரைத் துணைக்கு அனுப்ப முன்வர வேண்டும். தன் உடலைப் பற்றித் தானே தீர விசாரித்து முடிவு செய்யும் துணிவு, சுதந்திர நாட்டின் கடைசி ஏழைக்கும் வர வேண்டும்.